பழைய டீசல் அம்பாசடருக்கு வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டர் பொருந்துமா?

கேள்வி இது: 1.5 லிட்டர் டீசல் அம்பாசடர். பின்னால் வந்த மாடலிலிருந்து முன் டிஸ்க் பிரேக்கும், வேக்கத்தை (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) வைத்து மிதிக்கும் காலுக்கு உதவும் பூஸ்டரும் எடுத்து மாட்டியாகிவிட்டது. ஆனால் பெடல் கல் மாதிரி இருக்கிறது. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் ஓட்டை போட்டு பூஸ்டருக்கு ஹோஸ் கொடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். பின்னால் வேக்கம் பம்ப் வைத்த ஆல்டர்னேட்டரை (பாட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) மாட்டு என்கிறார் இன்னொருவர். எது சரி, அது இந்த இன்ஜினில் உட்காருமா, எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டாமவர் சொன்னதுதான் சரி. உட்காரும். ஆனால் இந்த வேலையை எல்லோரும் கரன்ட் வேலையாக நினைத்து எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுகிறார்கள். ஒயரிங் அரை நாள் வேலை. வண்டி பத்து வருடம் ஓடுமா, பத்து நாளில் திரும்பி வருமா என்பதை முடிவு செய்வது ஆயில். அந்தப் பம்புக்கு ஆயில் எப்படிப் போகிறது, அதைவிட முக்கியமாக எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் மேனிஃபோல்டு யோசனையை விட்டுவிடுங்கள். பெட்ரோல் இன்ஜினில் காற்றை அடைக்க த்ராட்டில் இருக்கிறது. அது மூடியிருக்கும்போது இன்ஜின் உறிஞ்சுவதால் மேனிஃபோல்டில் நல்ல வேக்கம் கிடைக்கும். டீசலில் காற்றுக்குத் தடையே கிடையாது. ஆக்ஸிலரேட்டர் டீசலின் அளவை மட்டும்தான் கூட்டிக் குறைக்கிறது. அதனால் அங்கே ஹோஸ் மாட்டினால் பூஸ்டருக்கு ஒன்றும் வராது. நியூமேடிக் கவர்னர் (வேக்கத்தை வைத்து இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வைத்த சில பழைய டீசல்களில் இன்டேக்கில் ஒரு தட்டு இருக்கும், கொஞ்சம் வேக்கமும் இருக்கும். அதில் கை வைத்தால் கவர்னர் குழம்பி இன்ஜின் ஓட்டமே கெட்டுவிடும்.

பெடல் ஏன் இவ்வளவு கனமாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேக்கம் வரும் வரை இந்த வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. பழைய டிரம் பிரேக்கில் லைனிங் டிரம்மைத் தொட்டதும், சுற்றுகிற டிரம்மே ஷூவை இழுத்து இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வைக்கும். பாதி வேலையை டிரம் செய்தது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் பேட் கடிக்கும், அதனால்தான் டிஸ்க்குக்குப் பூஸ்டர் வேண்டியிருக்கிறது. 8 அங்குல பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் தட்டு, அதாவது டயஃப்ரம், சுமார் 320 சதுர சென்டிமீட்டர். 600 மில்லிமீட்டர் (பாதரச அளவு) வேக்கம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 0.8 கிலோ. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கும் மற்றதற்கும் கொஞ்சம் கழித்தாலும் 200 கிலோவுக்கு மேல் உங்கள் காலோடு சேர்ந்து தள்ளுகிறது. அது இல்லாமல் வெறும் காலை வைத்து டிஸ்க்கைப் பிடிக்கச் சொல்கிறீர்கள் இப்போது.

சரி, அந்த ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்துக்கு வருவோம். ரோட்டரின் ஷாஃப்ட் பின்மூடியைத் தாண்டி நீண்டு, பல் வெட்டிய முனையோடு பம்புக்குள் போகிறது. பம்ப் ஒரு சின்ன டப்பாதான். அதற்குள் மையம் தள்ளி ஒரு உருளை, அதன் காடிகளில் தளர்வாக நிற்கும் பிளேடுகள். சுற்றும்போது பிளேடுகள் வெளியே வீசப்பட்டு டப்பாவின் சுவரைத் தடவிக்கொண்டு போகும். ஒரு பக்கம் இடம் விரிவதால் பூஸ்டரிலிருந்து காற்றை இழுக்கிறது, மறுபக்கம் இடம் சுருங்குவதால் வெளியே தள்ளுகிறது. மூன்று இணைப்புகள் இருக்கும். பூஸ்டருக்குப் போவது ஒன்று. இன்ஜினிலிருந்து பிரஷர் ஆயில் வருகிற மெல்லிய பைப் ஒன்று. ஆயிலும் இழுத்த காற்றும் சேர்ந்து இன்ஜினுக்குத் திரும்புகிற தடித்த ஹோஸ் ஒன்று. பிளேடு ஓரத்தில் காற்று கசியாமல் அடைப்பதும் ஆயில்தான், தேயாமல் காப்பதும் ஆயில்தான். ஆயில் இல்லாமல் ஓடினால் சீக்கிரமே கடகடவென்று சத்தம் கேட்கும், அப்புறம் பிளேடு போய்விடும்.

எதை வாங்குவது? பழைய சுமோ, பொலேரோ போன்ற டீசல் வண்டிகளுக்கு வரும் 12 வோல்ட் வகை எளிதில் கிடைக்கும். பார்ட்ஸ் கடையில் ‘வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டர்’ என்று கேட்டாலே போதும். சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் இந்த வகையை வெகு காலமாகச் செய்கிறது, பம்புக்குத் தனியாக ரிப்பேர் கிட்டும் கிடைக்கிறது. இசுசு 4ஜேபி1, டொயோட்டா 2எல், 2சி போன்ற ஜப்பான் இன்ஜின்களிலும் இதே அமைப்புதான், இலங்கையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் சுலபம். ஒரு எச்சரிக்கை: லாரி, வேன் இன்ஜின்களில் 24 வோல்ட்டும் வரும். பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், பிளேட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் கடையில் செகண்ட்ஸ் எடுப்பதாக இருந்தால் பம்பின் உறிஞ்சும் வாயில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு புல்லியைக் கையால் சரியான திசையில் சுற்றிப் பாருங்கள். விரல் இழுபட வேண்டும். உள்ளே வறண்டிருந்தால் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுச் சுற்றினால் தெரியும்.

சரியான திசை என்றேன். ஆல்டர்னேட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் கரன்ட் தரும், ஃபேன் மட்டும் சரியாகக் காற்றைத் தள்ளாது. பம்ப் அப்படியில்லை, ஒரு திசையில்தான் வேலை செய்யும். உங்கள் இன்ஜின் முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று, ஒரே பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டரும் கடிகாரச் சுற்று. பெரும்பாலான ஆல்டர்னேட்டர்கள் இந்தத் திசைக்குச் செய்தவைதான். இருந்தாலும் வாங்கும்போதே விரல் சோதனையை இந்தத் திசையில் செய்துவிடுங்கள்.

அடுத்தது இடம். சாதாரண ஆல்டர்னேட்டரைவிட இது பின்னால் ஒரு கைப்பிடி அளவு நீளம். அதன் பின்னால் ஹோஸ் வளைய வேறு இடம் வேண்டும். நான் எப்போதும் பம்ப் அளவுக்குத் தெர்மோகோல் துண்டை வெட்டி, வண்டியில் இப்போது சார்ஜ் செய்யும் பழைய டைனமோவின் பின்னால் டேப் போட்டு ஒட்டி, பானட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆஃப் செய்து பார்ப்பேன். டீசல் நிற்கும்போது எப்படி ஆடும் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஆட்டத்தில் தெர்மோகோல் எதிலாவது உரசிப் பொடி உதிர்ந்தால் அங்கே பம்பும் இடிக்கும். எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இடைவெளி இருக்கட்டும்.

பிராக்கெட் லேத்காரர் செய்துவிடுவார். 8 மில்லிமீட்டர் தகடாவது போடச் சொல்லுங்கள். மெல்லிய தகடு டீசல் அதிர்வில் வெடிக்கும். புல்லி விஷயத்தில் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புது ஆல்டர்னேட்டர் ரிப் பெல்ட் (பல கோடுகள் உள்ள தட்டைப் பெல்ட்) புல்லியோடு வந்திருக்கும். அதை அப்படியே வைத்து வி பெல்ட்டை ஓட்டப் பார்ப்பார்கள். ஆகாது, பழைய பெல்ட்டின் அகலத்துக்குப் பொருந்துகிற புல்லிதான் வேண்டும். இன்னொன்று அளவு. டைனமோவின் பெரிய புல்லியையே மாட்டினால் ஐடிலில் பம்ப் மந்தமாகச் சுற்றும். கிராங்க் புல்லி ஒரு சுற்றுக்கு ஆல்டர்னேட்டர் இரண்டு சுற்றாவது சுற்ற வேண்டும். 700 ஐடிலில் பம்புக்கு 1400 கிடைத்தால் நிம்மதி. சிக்னலில் நின்று நின்று போகும்போதும், வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் இன்ஜின் ஐடிலில்தானே இருக்கிறது.

இனி முக்கியமான இடம்.

ஆயில் எடுப்பதற்கு, ஆயில் பிரஷர் சுவிட்ச் அல்லது கேஜ் பைப் இருக்கும் துளையில் ஒரு டி (மூன்று வாய் உள்ள இணைப்பு) பொருத்தி, ஒரு கிளையில் சுவிட்ச், மறு கிளையில் பம்பின் பைப். கேட்க எளிது. ஆனால் உங்கள் இன்ஜின் பிரிட்டிஷ் வம்சம், ஆல்டர்னேட்டர் மெட்ரிக். அந்தத் துளையில் எட்டில் ஒரு அங்குலப் பைப் மரை இருந்தால் அதிலும் இரண்டு ஜாதி உண்டு. பி.எஸ்.பி. மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க என்.பி.டி.யில் 27. ஒன்றுக்குள் மற்றது மூன்று சுற்று அழகாக ஏறும், நான்காவதில் இறுகும். இறுகிவிட்டது என்று டெஃப்லான் டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். சூடாகி, அதிர்ந்து, ஒரு நாள் ஹைவேயில் இன்ஜின் ஆயில் முழுவதும் அந்த வழியாகப் போய்விடும். திரெட் கேஜ் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பழைய சுவிட்சையே கடைக்கு எடுத்துப்போய் அதோடு ஒப்பிட்டு டி வாங்குங்கள். பைப் எஃகு அல்லது பிரஷர் தாங்கும் ஆயில் ஹோஸாக இருக்கட்டும், டீசல் ஹோஸ் வேண்டாம். பைப்பைப் பம்போடு இணைக்கும், நடுவில் துளையுள்ள பேங்கோ போல்ட்டில், பைப் முனையின் இரு பக்கமும் புது காப்பர் வாஷர். பம்புக்குள் ஆயில் நுழைகிற துளை ஊசிமுனை போலச் சின்னதாக இருக்கும். அடைத்திருக்கிறது போல என்று டிரில் வைத்துப் பெரிதாக்கிவிடாதீர்கள். அது வேண்டுமென்றே சின்னதாக வைத்தது. அதிக ஆயில் போனால் பம்ப் காற்றை விட்டு ஆயிலைத் தள்ளத் திணறும், உங்கள் இன்ஜினின் ஆயில் பிரஷரும் இறங்கும்.

பிரஷரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் பிரஷர் எவ்வளவு என்று கேஜ் மாட்டிப் பாருங்கள். 15 பவுண்டுக்கு (பி.எஸ்.ஐ.) கீழே என்றால் பம்ப் மாட்டாதீர்கள், முதலில் பேரிங்கைப் பாருங்கள். தேய்ந்த இன்ஜினிலிருந்து இன்னொரு வாய்க்கும் ஊட்டினால் கிராங்க் பட்டினி கிடக்கும்.

திரும்பும் ஹோஸ்தான் நான் பாடம் கற்ற இடம். பல வருடங்களுக்கு முன் ஒரு ஜீப்புக்கு இதே வேலையைச் செய்தேன். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் வெல்டிங் வைக்கச் சோம்பல்பட்டு, கீழே வசதியாக இருந்த ஒரு பிளக் துளையில் ரிட்டர்னைக் கொடுத்தேன். அது ஆயில் மட்டத்துக்குக் கீழே இருந்தது. முதல் நாள் லேசாக மிதித்ததுமே பிரேக் பிடித்தது, வண்டிக்காரர் சந்தோஷமாகப் போனார். இரண்டாவது வாரம் சார்ஜ் லைட் எரிகிறது என்று திரும்பி வந்தார். ஆல்டர்னேட்டரைப் பிரித்தால், ரோட்டருக்குக் கரன்ட் கொடுக்க பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங்கில் தார் பூசியது போல ஆயிலும் கார்பன் பொடியும் குழைந்து ஒட்டியிருந்தது. பிரஷ் ஸ்பிரிங்கோடு சிக்கி நின்றது. நடந்தது இதுதான்: பம்ப் தள்ளும் காற்றும் ஆயிலும் சம்ப் ஆயிலை முட்டிக்கொண்டு வெளியேற முடியவில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, பம்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே இருக்கும் சின்ன ஆயில் சீல் வழியாக ஆயில் பின்வாங்கிவிட்டது. சீல் நல்ல சீல்தான். வழியை நான் அடைத்திருந்தேன். அந்த ஆல்டர்னேட்டருக்கு என் கையிலிருந்து காசு போட்டேன்.

அதனால் ரிட்டர்ன் ஹோஸ் பம்பிலிருந்து சம்ப் வரை எங்கும் ஏறக்கூடாது, முழுக்க இறக்கமாகவே இருக்க வேண்டும். உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. தகட்டுச் சம்ப்பைக் கழற்றி, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைவிட உயரத்தில், ஆல்டர்னேட்டர் இருக்கும் பக்கத்தில் ஒரு பைப் துண்டைப் பித்தளை வைத்துப் பற்றவையுங்கள். ஆயில் இருக்கும் சம்ப்பில் வண்டியிலேயே வைத்துப் பற்றவைக்க யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். கழற்றி, கழுவி, பற்றவைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் துகள்களைச் சுரண்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பம்பின் ரிட்டர்ன் வாய் கீழே பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். வேறு இன்ஜினுக்குச் செய்த ஆல்டர்னேட்டரில் அது பக்கவாட்டிலோ மேலேயோ இருக்கலாம். நீள போல்ட்டுகளைக் கழற்றி முன்மூடியை மட்டும் ஒரு துளை தள்ளித் திருப்பி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்டேட்டரின் கம்பிகள் பின்மூடியில் இருக்கும் டயோடு பிளேட்டோடு பிணைந்திருப்பதால் அந்த இரண்டையும் பிரித்துத் திருப்பாதீர்கள்.

பூஸ்டர் பக்கம் பெரிய வேலை இல்லை. வேக்கத்தில் உள்ளே சப்பிப்போகாத, துணி பின்னிய பிரேக் வேக்கம் ஹோஸ் வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் சூட்டில் இளகி மூடிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒருவழி வால்வு கட்டாயம். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், பம்ப் பக்கத்திலிருந்து ஊதினால் போகக்கூடாது. இந்த வால்வு இல்லாவிட்டால் இன்ஜினை நிறுத்தியதும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்கம் பம்பில் தேங்கிய ஆயிலை இழுத்துக்கொள்ளும். பிரேக் சிஸ்டத்தின் ரப்பருக்கு இன்ஜின் ஆயில் விஷம். டயஃப்ரம் ஊறும், மாஸ்டர் சிலிண்டர் சீலையும் தொட்டால் அதுவும் உப்பிப் போகும்.

ஒயரிங்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது டைனமோ இருந்தால் அதன் ரெகுலேட்டர் டப்பாவை முழுவதும் விலக்கிவிடுங்கள், புதியதற்கு ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. மிகப் பழைய பிரிட்டிஷ் வம்ச வண்டிகளில் பாசிடிவ் எர்த் (பாட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்த முறை) இருந்ததுண்டு. அதை நெகடிவ் எர்த்துக்கு மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோடு அந்த நொடியே போகும். பாட்டரிக்குப் போகும் மெயின் ஒயர் 10 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். டைனமோவின் மெல்லிய பழைய ஒயரையும், முழுக் கரன்ட்டும் உள்ளே ஓடும் பழைய அம்மீட்டரையும் நம்பாதீர்கள், சூடாகும். சார்ஜ் லைட்டின் பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால் மாற்றுங்கள். பல வகைகளில் அந்த பல்பு வழியாகப் போகும் கரன்ட்தான் ஆல்டர்னேட்டரைத் தொடக்கத்தில் எழுப்புகிறது. எல்.இ.டி. போடவேண்டாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்பின் உறிஞ்சும் வாயில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, புல்லியைக் கையால் நாலு சுற்று சுற்றுங்கள். ரிட்டர்ன் ஹோஸின் கீழ்முனையைச் சம்ப்பில் மாட்டாமல் ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆயில் நுரையோடு துப்பித் துப்பி வரும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு நிறுத்தி ஹோஸை மாட்டுங்கள். பூஸ்டர் ஹோஸில் ஒரு டி போட்டு வேக்கம் கேஜ் மாட்டினால், சமவெளியில் ஐடிலிலேயே பத்துப் பதினைந்து நொடிக்குள் 500 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும், கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 600க்கு மேல் நிற்க வேண்டும். நான் வைத்திருக்கும் அளவு அது. நிறுத்திய பின் ஐந்து நிமிடத்தில் முள் பெரிதாக இறங்கக்கூடாது. கேஜ் இல்லாதவர்கள் இன்ஜின் ஆஃபில் பெடலை ஐந்தாறு முறை மிதித்துக் கெட்டியாக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யட்டும். பெடல் காலுக்கடியில் மெல்ல இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர் என்றால் ஒன்று தெரிந்திருக்கட்டும். ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே ஏறக்குறைய 580 மில்லிமீட்டர்தான். எவ்வளவு நல்ல பம்பும் அதற்குமேல் வேக்கம் காட்டாது, பூஸ்டரின் உதவி சமவெளியைவிட நாலில் ஒரு பங்கு குறையும். பம்ப் கெட்டுவிட்டது என்று அங்கே ஒரு பட்டறையில் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். இறங்கும்போது செகண்ட் கியரில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், பம்பும் பூஸ்டரை உடனுக்குடன் நிரப்பும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும், இதனால் வீணாக இன்ஜின் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். இதே மாற்றம் செய்த ஒரு வண்டி என்னிடம் வந்தது. இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வாயான பிரீதரிலிருந்து புகை குபுகுபுவென்று வருகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து போர் செய்ய வேண்டும் என்று வேறொரு இடத்தில் எஸ்டிமேட்டே கொடுத்திருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூஸ்டர் ஹோஸைக் குறட்டால் மடித்துப் பிடித்தேன். பிரீதர் புகை பாதிக்குமேல் அடங்கியது. விட்டேன், திரும்ப வந்தது. பூஸ்டரின் டயஃப்ரத்தில் கிழிசல். அதன் வழியாக வரும் காற்றைப் பம்ப் ஓயாமல் இழுத்து ரிட்டர்ன் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு வெளியேற பிரீதரைத் தவிர வேறு வழியில்லை. பூஸ்டரை மாற்றியதோடு வேலை முடிந்தது.

இடமே இல்லை, அல்லது ஆயில் பிரஷர் குறைவு என்றால் 12 வோல்ட் எலக்ட்ரிக் வேக்கம் பம்பும், வேக்கம் குறைந்தால் அதை ஓட வைக்கும் சுவிட்சும் போடலாம். ஆயில் தொல்லை கிடையாது. ஆனால் ரிலேயும் ஃபியூஸும் ஒழுங்காக இருக்க வேண்டும், ஒரு ஃபியூஸ் போனால் பிரேக் உதவியும் போகும். என் விருப்பம் ஆல்டர்னேட்டர் வகைதான். பிரேக்கில் செய்கிற எந்த மாற்றத்துக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு இதில் கண்டிப்பானது, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று சோதனை) போய் நின்று தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

மாட்டிய பிறகு 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். டீசல் கரி கலந்த கெட்டி ஆயில் முதலில் அடைப்பது அந்த ஊசித் துளையைத்தான். டிக்கியில் ஒரு ஸ்பேர் பெல்ட்டும் அதை மாற்ற ஸ்பேனரும் இருக்கட்டும். வண்டியை ஓட்டும் எல்லோருக்கும், அப்பாவோ டிரைவரோ யாராக இருந்தாலும், இதைச் சொல்லிவையுங்கள்: இதுவரை சிவப்பு சார்ஜ் லைட் எரிந்தால் வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். இனி அப்படியில்லை. பெல்ட் அறுந்திருந்தால் வேக்கமும் நின்றிருக்கும், பூஸ்டரில் மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். லைட் எரிந்ததும் முதல் மிதியிலேயே, பெடலை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரமாக நிறுத்த வேண்டும்.